பெரியவரின் மறதியும் வல்லாரை டானிக்கும்

பம்புசெட் மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிறார் பெரியவர். விடிந்து பார்த்தால் நாற்றங்கால் முழுவதும் தண்ணீர். சென்ற வாரம் உரக்கடைக்குப் போனவர் வாங்க வேண்டியதை மறந்து வெறுங்கையுடன் திரும்பினார். கொடுத்த பணத்தை மீண்டும் கேட்டதால் பக்கத்து வயல்காரருடன் சண்டை. ஆனால் 1977ஆம் ஆண்டு நவம்பர் புயலில் எந்தத் தோப்பில் எத்தனை தென்னை விழுந்தது என்று கேட்டால் தடங்கலின்றிச் சொல்கிறார். காலையில் சாப்பிட்டது இட்லியா கஞ்சியா என்பதுதான் தெரியவில்லை.

டெல்டாவிலும் சரி, மானாவாரிப் பகுதியிலும் சரி, இப்படி ஒரு பெரியவர் இல்லாத தெரு குறைவு. பார்க்கும் மகனுக்குக் கவலை. சந்தைக்குப் போகும்போது ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் 'ஞாபகசக்தி லேகியம்' விற்கிறார்கள். கைபேசியைத் திறந்தால் வல்லாரை மாத்திரை, பிரமி மாத்திரை, அமுக்கராப் பொடி என்று விளம்பரம் வருகிறது. 'மூலிகைதானே, கெடுதல் என்ன இருக்கிறது?' என்று ஒரு பாட்டில் வாங்கிக் கொடுக்கிறார். இரண்டு மாதம் போகிறது. மறதி கூடுகிறது. இன்னொரு பாட்டில் வருகிறது.

இதில் தவறு மூலிகையின் மேல் இல்லை. வல்லாரையும் நீர்ப்பிரமியும் நல்ல செடிகள். பெரியவருக்கு என்ன குறை என்று பார்க்காமலே மருந்து கொடுப்பதுதான் தவறு. அந்த இரண்டு மாதத்தில் தீர்த்திருக்கக்கூடிய ஒரு நோய் முற்றிவிடலாம்.

மஞ்சள் இலைக்கு ஒரே காரணமா?

நெற்பயிர் மஞ்சளாகிறது. அனுபவமுள்ள விவசாயி உடனே யூரியா மூட்டையைப் பிரிப்பதில்லை. அடி இலை மஞ்சளா, குருத்து மஞ்சளா என்று முதலில் குனிந்து பார்க்கிறார். அடி இலையிலிருந்து மஞ்சள் ஏறினால் தழைச்சத்துக் குறை. குருத்து வெளுத்தால் இரும்புச் சத்தோ கந்தகச் சத்தோ போதவில்லை. நட்ட சில வாரங்களில் துருப்பிடித்தாற்போல் புள்ளி விழுந்தால் துத்தநாகக் குறை. பயிர் குட்டையாகி ஆரஞ்சு மஞ்சளாக மாறினால் பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோய். வடிகால் இல்லாமல் தண்ணீர் தேங்கினாலும் மஞ்சள்தான். ஒரே அடையாளம், ஐந்து காரணம். துங்ரோ வந்த வயலில் யூரியா போட்டால் காசும் போகும், பயிரும் போகும்.

பயிருக்குக் காட்டும் இந்த நிதானத்தைப் பெற்றோருக்கும் காட்ட வேண்டும். மறதி என்பதும் மஞ்சள் இலை போன்ற ஓர் அடையாளமே. அதற்குப் பின்னால் பல காரணங்கள் உண்டு. அவற்றில் சில எளிதில் தீரக்கூடியவை.

'வயசானால் இப்படித்தான்' என்று சொல்வதும் சரியல்ல. 2023ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100க்கு 7 பேருக்குச் சற்று அதிகமானவர்கள், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கிறார்கள். நகரத்தைவிடக் கிராமத்தில் விகிதம் அதிகம். இது பெரிய எண்ணிக்கைதான். ஆனால் 100க்கு 90 பேருக்கு மேல் அந்த நோய் இல்லை என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. ஆகவே கடுமையான மறதி வயதின் இயல்பு அல்ல; அது கவனிக்க வேண்டிய நோய்.

எது சாதாரணம், எது நோய்?

அரிவாளை எங்கே வைத்தோம் என்று மறந்து, தேடி எடுப்பது சாதாரணம். அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று விழிப்பது நோய். உறவினர் பெயர் நாக்கு நுனியில் நின்று, சற்று நேரம் கழித்து வருவது சாதாரணம். 40 வருடம் நடந்த வரப்பில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது நோய். கூலிக் கணக்கில் ஒரு முறை தவறுவது சாதாரணம். எப்போதும் மனக்கணக்கில் கெட்டிக்காரராக இருந்தவர் பத்து ரூபாய்க்குச் சில்லறை எண்ணத் தடுமாறினால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மற்றொன்றையும் விவசாயக் குடும்பங்கள் மனதில் பதிய வைக்க வேண்டும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினாலோ, இடம் பொழுது தெரியாமல் பேசினாலோ அது மறதி நோய் அல்ல. சிறுநீர்க் கிருமித் தொற்று, நிமோனியா, பக்கவாதம், ரத்தத்தில் சர்க்கரையோ உப்போ குறைதல் போன்றவை காரணமாக இருக்கலாம். அன்று மருந்து தெளித்திருந்தாலோ, தெளித்த வயலில் நடமாடியிருந்தாலோ பூச்சிமருந்து விஷமும் காரணமாகலாம். இதற்கு லேகியம் தேடக்கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். என்ன மருந்து தெளித்தது என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தீரக்கூடிய மறதி

மெல்ல மெல்ல வரும் மறதியிலும் சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உள்ளன.

தைராய்டு சுரப்பு குறைந்தால் உடல் மந்தமாகும், பேச்சு தாமதமாகும், நினைவு மங்கும். ரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். மாத்திரையால் சரிசெய்யலாம்.

வைட்டமின் பி12 குறைந்தாலும் மறதி வரும். கை கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். இச்சத்து பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உள்ளது; கீரையில் இல்லை. வயது ஏற ஏற உடல் அதை ஈர்ப்பதும் குறையும். சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்கும் இக்குறை வருவதுண்டு. பசுவின் பாலை முழுவதும் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, பெரியவருக்குக் கடுங்காப்பி கொடுக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. அந்த வீட்டில் 'ஞாபகசக்தி' பாட்டில் வாங்குவதைவிட ஒரு டம்ளர் பாலை நிறுத்தி வைப்பது மேல். குறை அதிகமாக இருந்தால் ஊசியோ மாத்திரையோ டாக்டர் கொடுப்பார்.

வரப்பில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டது அன்று பெரிதாகத் தெரியாமல் இருக்கும். மண்டை ஓட்டுக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து தேங்கி, சில வாரங்கள் கழித்து மறதியும் தூக்கமும் தலைவலியுமாக வெளிப்படும். ஸ்கேன் எடுத்தால் தெரியும். உரிய காலத்தில் சிகிச்சை செய்தால் தேறிவிடுவார்.

தூக்க மாத்திரை, அரிப்புக்கும் சளிக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை ஆகியவையும் முதியவர்களின் நினைவைக் குழப்பும். சாராயமும் அப்படியே.

காது மந்தமானவரை மறதிக்காரர் என்று எண்ணிவிடுவதும் உண்டு. சொன்னதே காதில் விழவில்லை என்றால் எதை நினைவில் வைப்பது? இது இத்தோடு நிற்பதில்லை. காது கேளாமையை அப்படியே விட்டால் பின்னால் மறதி நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024ல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கு வழிவகுக்கும் 14 காரணங்களைச் சொல்கிறது. காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், ரத்தத்தில் கெட்ட கொழுப்பு, புகை, மது, தலையில் அடி, மனச்சோர்வு, தனிமை, உடலுழைப்பின்மை ஆகியவை அவற்றில் அடங்கும். இந்த 14 காரணங்களையும் நீக்க முடிந்தால், உலகில் ஏற்படும் மறதி நோயில் 100க்கு 45 வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அக்குழுவின் கணக்கு. கண்புரை அறுவையை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே செய்கிறார்கள். ஆனால் இதை யாரும் ஒலிபெருக்கி வைத்து விற்பதில்லை.

வேலை போன மனம்

மறதி போலத் தோன்றும் காரணங்களில் மிக அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவது மனச்சோர்வு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு எந்திரம். மாட்டையும் விற்றாகிவிட்டது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பழகிய உடம்பு, எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. துணையை இழந்தவர் என்றால் இன்னும் மோசம். பேச்சு குறைகிறது, பசி குறைகிறது, தூக்கம் கெடுகிறது. கேட்ட கேள்விக்கெல்லாம் 'தெரியலே' என்று பதில் வருகிறது. வீட்டில் இதை மறதி என்கிறார்கள்.

மனச்சோர்வு சிகிச்சையால் தீரும் நோய். மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் மனநல டாக்டரைப் பார்க்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416ல் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். கட்டணம் கிடையாது.

மருந்தோடு வேலையும் வேண்டும். பெரியவரை உட்கார வைத்துச் சோறு போடுவதே மரியாதை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவருக்கோ அது தண்டனை. விதை பொறுக்குவது, தோட்டத்தில் கொத்தமல்லிப் பாத்திக்குத் தண்ணீர் விடுவது, ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்வது, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போவது என்று முடிந்த வேலையை அவர் பொறுப்பில் விடலாம். என்ன விதைப்பது என்று முடிவு செய்யும்போது அவரையும் ஒரு வார்த்தை கேட்கலாம். தினம் அரை மணி நேரம் நடப்பதும், நாலு பேருடன் பேசுவதும் மனதுக்கும் மூளைக்கும் நல்லது.

வல்லாரை வேறு, நீர்ப்பிரமி வேறு

இனி மூலிகைக்கு வருவோம். முதல் குழப்பம் பெயரில் இருக்கிறது. வட இந்தியாவில் பல இடங்களில் வல்லாரையையே 'பிரமி' என்கிறார்கள். கேரளத்தில் பிரமி என்றால் நீர்ப்பிரமி. ஆகவே பாட்டிலில் 'பிரமி' என்று மட்டும் இருந்தால் உள்ளே இருப்பது எந்தச் செடி என்று சொல்ல முடியாது. அறிவியல் பெயரைப் பார்க்க வேண்டும். சென்டெல்லா ஏசியாட்டிகா என்றால் வல்லாரை. பகோபா மொன்னியெரி என்றால் நீர்ப்பிரமி.

வல்லாரை தரையில் ஓடிப் படரும். ஒவ்வொரு கணுவிலும் வேர்விடும். இலை சிறுநீரக வடிவில், அடியில் பிளவுடன், ஓரம் அலைஅலையாக இருக்கும். இலை வட்டமாகவும் காம்பு குடைக்கம்பி போல இலையின் நடுவில் சேர்ந்தும் இருந்தால் அது வல்லாரை அல்ல. நீர்ப்பிரமி சதுப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளரும். இலை சிறியது, தடித்தது, கசப்பானது. பூ வெளிர் நீலமாகவோ வெள்ளையாகவோ இருக்கும்.

இவற்றில் நீர்ப்பிரமியைப் பற்றித்தான் ஓரளவு ஆராய்ச்சி நடந்துள்ளது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் இச்செடியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. 2008ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ள 54 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்குத் தினம் 300 மில்லிகிராம் நீர்ப்பிரமிச் சாறு மாத்திரையும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் 12 வாரம் கொடுக்கப்பட்டன. சாறு சாப்பிட்டவர்கள் சொற்பட்டியலைச் சற்று நன்றாக நினைவு கூர்ந்தார்கள். சிலருக்கு வயிற்றுக் கோளாறு வந்தது.

இது நல்ல செய்திதான். ஆனால் அதன் அளவு தெரிய வேண்டும். ஆய்வில் சேர்ந்தவர்கள் மறதி நோய் இல்லாதவர்கள், எண்ணிக்கை குறைவு, காலம் மூன்று மாதம். மறதி நோய் வந்தவரை நீர்ப்பிரமி குணப்படுத்தும் என்று இது காட்டவில்லை. வல்லாரைக்கு இந்த அளவுக்குக்கூடச் சான்று இல்லை.

பெரிய ஆய்வு நடந்த மூலிகை வேறொன்று: சீனத்து மரமான ஜின்கோ. அதன் இலைச் சாறு மாத்திரை இப்போது இங்குள்ள மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் உள்ள 3,069 பேருக்கு அந்தச் சாற்றையோ வெற்று மாத்திரையையோ தினம் இரு வேளை கொடுத்து, சுமார் 6 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2008ல் முடிவு வெளிவந்தது. சாறு சாப்பிட்டவர்களுக்கு மறதி நோய் குறையவில்லை.

தென்னை விவசாயிக்கு இதைச் சொல்வது எளிது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக்கை 40 மில்லி எடுத்து 160 மில்லி தண்ணீரில் கலந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேர் மூலம் கொடுத்தால் குரும்பை உதிர்வது குறையும், காய் பெருக்கும். ஆனால் தஞ்சாவூர் வாடல் நோய் வந்து அடிமரத்தில் சாறு வடியும் மரத்துக்கு டானிக் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் மரம் தப்பாது. டானிக் டானிக்தான், நோய்க்கு மருந்தாகாது.

எங்கே வளர்ந்த செடி?

இந்தக் கேள்வியைக் கேட்க விவசாயியைவிடத் தகுதியானவர் இல்லை. வல்லாரையும் நீர்ப்பிரமியும் ஈரத்தில் வளர்பவை. நின்ற இடத்து நீரிலும் சேற்றிலும் உள்ள ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் குணம் இவற்றுக்கு, குறிப்பாக நீர்ப்பிரமிக்கு, உண்டு. தோல் தொழிற்சாலை, சாயப்பட்டறைக் கழிவு ஓடும் வாய்க்காலிலும், ஊர்ச் சாக்கடை ஓரத்திலும் பறித்த செடி எவ்வளவு பசுமையாக இருந்தாலும் மருந்துக்கு ஆகாது. ஈயம் மூளையைக் கெடுக்கும் உலோகம். நினைவுக்கென்று சாப்பிடுவதே நினைவை அழிப்பதாக முடியும்.

நெல் வரப்பில் வளரும் வல்லாரைக்கு வேறு ஆபத்து. களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அதன் மேல்தான் விழுகின்றன. கழுவினால் எல்லாம் போய்விடாது.

பொடிக்கும் மாத்திரைக்கும் இதே கேள்வி பொருந்தும். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் தயாரித்து இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2008ல் வெளியாயிற்று. அவற்றில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

கீரையாகச் சாப்பிட விரும்புபவர்கள் வீட்டுத் தோட்டத்திலேயே போட்டுக்கொள்ளலாம். ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரு பாத்தி ஒரு குடும்பத்துக்குப் போதும். தென்னை அல்லது வாழை நிழலில், நல்ல கிணற்று நீர் பாயும் இடமாக இருக்கட்டும். நன்கு மக்கிய தொழுவுரம் இட்டு, வேருடன் கூடிய ஓடுகொடித் துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் நட வேண்டும். மண் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. இரண்டு மூன்று மாதத்தில் பாத்தி மூடிவிடும். கொடியை விட்டு இலையை மட்டும் அரிந்து எடுத்தால் மீண்டும் தழைக்கும். நீர்ப்பிரமிக்கு நான்கு அங்குலத் தண்டு போதும். சேற்றில் ஊன்றினால் வேர்விடும். பாத்தியில் எந்த மருந்தும் தெளிக்கக்கூடாது. குளியல், பாத்திரம் கழுவும் தண்ணீரும் வரக்கூடாது.

வாரத்தில் ஓரிரு நாள் வல்லாரைத் துவையலோ கூட்டோ செய்து சாப்பிடுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாத்தியைப் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பெரியவரிடமே கொடுத்தால் கீரையைவிட அந்த வேலை அதிக நன்மை செய்யும்.

மருந்தோடு மருந்து மோதினால்

துவையல் வேறு, செறிவூட்டிய மாத்திரை வேறு. முதியவர்களில் பலர் ஏற்கெனவே ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் இருதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள். அதோடு மூலிகை மாத்திரையும் சேரும்போது விபரீதம் நேரலாம்.

ஜின்கோ, ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளுடன் சேர்ந்தால் ரத்தக் கசிவை உண்டாக்கலாம். அமுக்கரா தூக்கத்தை அதிகமாக்கும்; தைராய்டு சுரப்பைக் கூட்டும்; சர்க்கரை மாத்திரையோடும் ரத்தக் கொதிப்பு மாத்திரையோடும் சேர்ந்து அளவுக்கு மீறிக் குறைக்கலாம். கல்லீரல் பாதிப்பும் சிலருக்கு ஏற்பட்டுள்ளது. டென்மார்க் நாடு 2023ல் உணவுச் சேர்க்கைகளில் அமுக்கராவைத் தடை செய்தது. வல்லாரைச் சாறு சாப்பிட்டவர்களிலும் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியுள்ளது. லேகியத்தில் வெல்லமோ சர்க்கரையோ நிறைய இருக்கும். சர்க்கரை நோயாளிக்கு ஆகாது. அரிஷ்டங்களில் புளிப்பேறும்போது தானாகவே சாராயச் சத்து உண்டாகிறது. வேளைக்கு இரண்டு மூடி என்று ஊற்றிக் கொடுப்பவர்கள் இதை நினைப்பதில்லை.

சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் அதை விட்டுவிட வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரிகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு உள்ளது. சென்னை தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பட்டம் பெற்ற சித்த வைத்தியரிடம் நேரில் காட்டி, சாப்பிடும் ஆங்கில மாத்திரைகளையும் எடுத்துக் காட்டி, அவர் சொல்லும் அளவில் சாப்பிடலாம். ஆங்கில வைத்தியரிடமும் சித்த மருந்து சாப்பிடுவதை மறைக்கக்கூடாது. நாடி பார்க்காமல் வண்டியில் விற்பவர் வைத்தியர் ஆகமாட்டார்.

மூளை நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆகவே 'மறதி நோய் முற்றிலும் குணமாகும்' என்று விளம்பரத்தில் கண்டாலே சந்தேகப்பட வேண்டும். உற்பத்தி உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தயாரித்தவர் முகவரி இல்லாத பாட்டிலைத் தொடவே கூடாது.

பூச்சிமருந்துப் பெட்டிக்குப் பூட்டு

மறதியும் சோர்வும் உள்ள பெரியவர் இருக்கும் விவசாய வீட்டில், மருந்து வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. பரணிலும் கட்டிலுக்கடியிலும் இருக்கும் பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலி மருந்து எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை வேறு ஒருவர் வைத்துக்கொள்ள வேண்டும். மிச்ச மருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். தாகத்தில் எடுத்துக் குடித்துவிட்டால் திரும்ப வழியில்லை. மனம் உடைந்தவர் கைக்கு எட்டும் தூரத்தில் விஷம் இருப்பதும் ஆகாது. 'இருந்து என்ன பயன்' என்று பெரியவர் சொன்னால் அதைச் சலிப்பு என்று தள்ளிவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசி, உடனே டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும்.

மோட்டாருக்குத் தானாக நிற்கும் கருவி பொருத்துவது, கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்புவது, பெரியவர் சட்டைப்பையில் ஊர்ப் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு வைப்பது ஆகியவையும் இதே போல அவசியம்.

ஒரு நாள் கூலி

'ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வேலை கெட்டுவிடும், பஸ் செலவு வேறு. பாட்டில் என்றால் வீட்டுக்கே வருகிறது' என்று சொல்பவர்கள் உண்டு. சிறு விவசாயிக்கு இது உண்மையான கஷ்டம். நடவு நாளில் வேலையை விட்டுவிட்டுப் போக முடியாதுதான். ஆனால் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பாட்டில் மாதம் 600 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 7,200 ரூபாய். அதில் எத்தனை நாள் பாலும் முட்டையும் வாங்கலாம்? அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு பெரும்பாலும் பஸ் கட்டணம்தான். ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. இவ்விரண்டையும் கட்டுக்குள் வைப்பது மூளையையும் காக்கும் வழியே.

பரிசோதனைக்குப் பிறகும் சிலருக்கு மறதி நோய் என்றே தெரியவரும். அதை முழுமையாக மாற்றும் மருந்து ஆங்கில வைத்தியத்திலும் இல்லை, மூலிகையிலும் இல்லை. சில மாத்திரைகள் ஓரளவு உதவும். அப்போதும் முன்னதாகத் தெரிந்துகொண்டதில் பயன் உண்டு. பத்திரம், பட்டா, வங்கிக் கணக்கு, கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றைப் பெரியவர் தெளிவாக இருக்கும்போதே அவர் விருப்பப்படி ஒழுங்கு செய்யலாம். வேண்டுமென்றே தொந்தரவு செய்கிறார் என்று எண்ணி அவரைத் திட்டுவதும் நிற்கும். கவனித்துக்கொள்ளும் மருமகளுக்கோ மகளுக்கோ மற்றவர்கள் மாற்றிவிட்டு ஓய்வு கொடுக்கவும் திட்டமிடலாம். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567லும் யோசனை கேட்கலாம்.

ஆகவே, பெற்றோரிடம் மறதியோ சோர்வோ கண்ட விவசாயிகள் முதலில் பூச்சிமருந்தைப் பூட்ட வேண்டும். அடுத்து, அவர் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று ரத்தம், காது, கண், மனநிலை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வல்லாரைப் பாத்தி அதற்குப் பிறகு போட்டாலும் போதும். அறுவடைக்கும் அடுத்த நாற்றங்காலுக்கும் இடையில் கிடைக்கும் ஓய்வு நாளில் ஒன்றை இதற்கென்று ஒதுக்கி வைப்பது, எந்த டானிக்கையும்விடப் பெரியவருக்குப் பயன் தரும்.